இறங்கக் கூடாத சாலை

வலிப்பு வந்த பிறகு வேலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேலை போவது எனக்குப் பழக்கம். வெளியூர் போவது நின்றதுதான் பெரிது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன் நான். அந்தமானில் ஒரு ஹோட்டலில் மாவு ஆட்டியிருக்கிறேன். மஸ்கட்டில் கட்டடத்துக்குக் கம்பி வளைத்திருக்கிறேன். கடைசியாகக் கதிர் அறுக்கும் மெஷினில் டிரைவராகச் சேர்ந்தேன். அதுதான் எனக்கு ஒத்துவந்த வேலை. மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு நெல் பழுக்கும் ஊர்களுக்கெல்லாம் போவோம். தை, மாசியில் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், பிறகு ஆந்திரா, பிறகு கர்நாடகா. படுக்கை லாரிக்கு அடியில், குளியல் வாய்க்காலில். வீட்டுக்குப் போன் பேசினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு வயலில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது முதல் வலிப்பு வந்தது. மெஷின் வரப்பை ஏறி வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றதாகச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நினைவு வந்தபோது வாயெல்லாம் ரத்தம், கையில் பெரிய ஸ்பேனர் ஒன்று. இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று யாரோ திணித்திருந்தார்கள். வண்டி ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதலாளி பஸ் ஏற்றிவிட்டார். இப்படித்தான் நான் காரைக்காலை ஒட்டிய கோவில்பத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் மனைவி காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் பஸ் பிடித்துப் போனால் மாலையில்தான் வருவாள். போகும்முன் என்னைக் குளிக்க வைத்துவிடுவாள். குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. உள்ளே இருக்கும்வரை நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் கதவைத் திறந்துவிடுவாள். தினமும் பேச என்ன இருக்கிறது? தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே லாரி போகும் வழியில் வரும் ஊர்களை வரிசையாகச் சொல்வேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்: "ஏங்க, கர்னூல் தாண்டியாச்சா? சீக்கிரம் வாங்க, இட்லி ஆறுது."

இரண்டு வருடம் இப்படிப் போனது. வாசல் வரைக்கும்தான் நடை. பெட்டிக்கடைக்குப் போனால் எதிர்வீட்டு அக்கா மாடியில் நின்று பார்ப்பார். என் மனைவி சொல்லி வைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் பழைய முதலாளி போன் செய்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். "அண்ணே, தீபாவளி கழிஞ்சு நஞ்சன்கூடு பக்கம் அறுப்பு. சமையல்காரன் ஓடிப்போயிட்டான். நீ மெஷின் மேல ஏற வேணாம். சோறு மட்டும் ஆக்கு, போதும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது போகிறேன் என்றேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதுல போவீங்க?"

"பஸ்ஸுலதான்."

"எந்த ஸ்டாண்டுல விழுந்து கெடப்பீங்கன்னு நான் எங்க வந்து தேடுறது? முன்னாடி ஒரு தடவ தஞ்சாவூர் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு வரேன்னு போனவங்க, மூணாம் நாளு ஐதராபாத்துலேர்ந்து போன் பண்ணுனீங்க."

அது உண்மைதான். டீக்கடையில் தெரிந்த லாரிக்காரன் ஒருவனைப் பார்த்தேன், ஏறிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "நானே கார்ல கொண்டுபோய் விடுறேன். காடு வழியா போவோம். முதுமலை, பந்திப்பூரெல்லாம் பாத்துட்டுப் போவோம். நான் ஒரு ஊரும் பாத்ததில்ல. வழியில வலிப்பு வரலன்னா உங்கள அங்க எறக்கி விட்டுட்டு நான் மட்டும் வரேன், ஒரு வார்த்த பேச மாட்டேன். வந்துச்சுன்னா என்கூட வீட்டுக்குத் திரும்பிடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"காடு எதுக்கு? கரூர், ஈரோடுன்னு நேரா போனா முடிஞ்சிது."

"அங்கல்லாம் வண்டிய வுட்டு எறங்கக் கூடாதாம். சட்டமே இருக்காம். உங்களக் கூட்டிட்டுப் போக வேற எந்த எடம் சரிப்படும்?"

சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் ஒப்புக்கொண்டேன். இத்தனை நாள் அடைந்து கிடந்தவனுக்கு இன்னும் நான்கு நாள் என்ன?

கார் அவள் தம்பியுடையது. அவன் பிரான்சில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் ஓட்டுவான், மற்ற நாளெல்லாம் அது எங்கள் வீட்டுப் பக்கத்தில் உறை போட்டு நிற்கும். பேட்டரி செத்துவிடும், யாராவது ஓட்டி வையுங்கள் என்று அவன் சொன்னதால் அவள் நாற்பத்தைந்து வயதில் டிரைவிங் பள்ளிக்குப் போனாள். பல வருடம் ஸ்டியரிங் பிடித்த நான் இடதுபக்கம் உட்கார, அவள் எட்டிப் பார்த்துப் பார்த்து ஓட்டுவாள். கியர் மாற்றும்போதெல்லாம் என் கால் தன்னால் கிளட்சைத் தேடும். அங்கே மிதியடி விரிப்புதான் இருக்கும்.

ஐப்பசியில் எங்கள் பக்கம் யாரும் ஊர் சுற்றக் கிளம்ப மாட்டார்கள். புயல் எப்போது வரும் என்று தெரியாது. நாங்கள் கிளம்பிய காலையிலும் மழை. திருவாரூர் தாண்டியும் விடவில்லை. திருச்சியில் ஒரு இரவு, மேட்டுப்பாளையத்தில் ஒரு இரவு. லாட்ஜில் உள்பக்கம் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அங்கேயும் குளிக்கும்போது பேச வேண்டியிருந்தது. பக்கத்து அறைக்காரர் வெளியே வந்து, சார் யாரோடு பேசுகிறார் என்று அவளிடம் கேட்டாராம்.

நீலகிரி அடிவாரச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டோம். காரணம் அவளுடைய முன்யோசனை. மலைக்கு மேலே பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, பிடுங்கிக்கொள்வார்கள் என்று மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். மாத்திரை போட எனக்கு எப்போதும் தண்ணீர் வேண்டும். அதனால் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடித்து டிக்கியில் அடுக்கியிருந்தாள். எங்கள் ஊரில் கண்ணாடி பாட்டில் என்றால் ஒன்றுதான். எண்ணெய் வாங்குவதும் தேன் ஊற்றி வைப்பதும் அதில்தான். பழைய பாட்டில் கடையில் பிராந்தி பாட்டிலாகப் பார்த்து ஒரு டஜன் வாங்கிக் கழுவி வெயிலில் காய வைத்து நிரப்பியிருந்தாள். அதில் எந்தத் தப்பும் எங்கள் இருவர் கண்ணுக்கும் படவில்லை.

சாவடிக்காரர் முதலில் நம்பர் பலகையைப் பார்த்தார். காரைக்கால் வண்டி என்றதும் அவர் நடை மாறியது. எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரியும்.

"டிக்கியத் தொறங்கம்மா."

திறந்தாள். அவர் பாட்டில்களை விரலால் எண்ணினார். பிறகு உள்ளே இருந்தவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இதென்னங்கம்மா, கடையே வச்சிருக்கீங்க?"

"குடிக்கிற தண்ணிங்க. பிளாஸ்டிக் கூடாதுன்னாங்க, அதான்."

"ஏனுங்க, காரைக்கால்ல இருந்து இத்தன பாட்டில்ல வெறும் பச்சத் தண்ணியக் கொண்டாந்தாங்கன்னு நான் போயி யார்கிட்டங்க சொல்றது?"

அவள் ஒரு பாட்டிலைத் திறந்து மடமடவென்று பாதியைக் குடித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒன்று வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மாதா கோயில் தண்ணீர். அதைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு மூடி வைத்தார். கடைசி பாட்டிலில்தான் வினை. கழுவியும் போகாமல் அதில் வாடை இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

நான் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. அதுவும் அவர்களுக்குச் சந்தேகம்.

"சார் ஏனுங்க எறங்கவே மாட்டீங்கறாரு? சீட்டுக்கு அடியில ஏதாச்சும் வச்சிருக்காரா?"

"அவரு எறங்க மாட்டாருங்க."

"நீங்க சொல்லி வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

பிறகு என்னை இறக்கிச் சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இரண்டு நாளில் முதல்முறையாகத் திறந்த சாலையில் தனியாக நின்றேன். கீழிருந்து ஒரு காய்கறி லாரி முனகிக்கொண்டு ஏறிவந்து சாவடியில் நின்றது. கிளீனர் பையன் கதவில் தொங்கிக்கொண்டிருந்தான். நான் இரண்டடி நகர்ந்திருப்பேன் போல.

"ஏங்க, தள்ளிப் போவாதீங்க!" என்று டிக்கிக்குப் பின்னாலிருந்து கத்தினாள். சாவடிக்காரர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மேலதிகாரி வந்து முகர்ந்து பார்த்துத் தண்ணீர்தான் என்று தீர்ப்புச் சொல்லும்வரை எங்களை விடவில்லை. மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆகிவிட்டது. மூடுபனியில் எங்கும் நிறுத்தப் பயந்து அவள் முதல் கியரிலேயே மலை ஏறினாள், மாத்திரை டிக்கியில் இருந்தது. கூடலூரில் அறை கிடைத்தபோது என் மாத்திரை நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. குளிரில் இருவருக்கும் தூக்கம் இல்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர் தூங்கட்டும் என்று அசையாமல் படுத்திருந்தோம்.

மறுநாள் காலை முதுமலையில் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் போனோம். ஜன்னலெல்லாம் கம்பி. உள்ளே நாங்கள், வெளியே மிருகங்கள். மான் கூட்டம் ஒன்று வண்டிப் பக்கத்திலேயே மேய்ந்தது. காட்டெருமை ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொண்டது. என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண்போலப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததாக நினைவில்லை. பார்க்க நான் வீட்டில் இருந்ததும் இல்லை.

"அந்த மானப் பாருங்க. வேலி கெடயாது, ஒண்ணு கெடயாது. அது பாட்டுக்கு அங்கயே நிக்குது."

"சுத்தி புலி நிக்குது. எங்க போவும்?"

"உங்ககிட்டப் போயி சொன்னேன் பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கோபம் இல்லை.

தெப்பக்காட்டைத் தாண்டிப் பந்திப்பூர்ச் சாலைக்கு வந்தோம். இரண்டு பக்கமும் காடு, நடுவில் தார். வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள் என்று வழியெல்லாம் பலகைகள். இந்தச் சாலை முடிந்தால் குண்டல்பேட்டை, அதைத் தாண்டினால் நஞ்சன்கூடு, மெஷின், லாரி, என் ஆட்கள். இரண்டு மணி நேர ஓட்டம்கூட இல்லை. டிக்கியில் எனக்கென்று அவள் கட்டிய பை இருந்தது. இரண்டு லுங்கி, ஸ்வெட்டர், மாத்திரை, ஆட்களுக்குச் சமைக்க ஒரு பொட்டலம் கருவாடு. கட்டும்போது பார்த்தேன். விட்டுவிட்டு வருவதாகத்தான் அவள் கட்டியிருந்தாள்.

ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் யானைகள் சாலையைக் கடக்கின்றன என்றார்கள். தாயும் குட்டியுமாக ஒரு கூட்டம், போகிற மாதிரியும் இல்லை, நிற்கிற மாதிரியும் இல்லை. வனக்காவலர் ஒருவர் ஜீப்பில் நின்றுகொண்டு இறங்காதீர்கள் என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டி நின்றது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது.

அப்போது எனக்குக் கம்பி தீய்கிற வாடை வந்தது. அந்த வாடை வந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கதவுப் பிடியில் கை வைத்தேன். இறங்கி நடந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதுபோல ஓர் எண்ணம். உடம்பை விட்டு எங்கே இறங்குவது? "இந்தா" என்று அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேனா, நினைத்தேனா, தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது அவள் சொன்னது. அவள் பக்கக் கதவைத் திறந்து சுற்றி வரப் பார்த்தாளாம். காவலர் கத்தினாராம். திரும்ப உள்ளே ஏறி, கியரைத் தாண்டி என் பக்கம் வந்து, என்னை ஒருக்களிக்க வைக்கப் பார்த்தாள். இரண்டு சீட்டுக்கு நடுவில் இடம் எது? அவள் இடுப்பு ஸ்டியரிங்கில் சாய்ந்து ஹாரன் அலற ஆரம்பித்தது. காடு முழுக்க அந்தச் சத்தம். பஸ்ஸில் இருந்தவர்கள் திட்டினார்களாம். பெரிய யானை திரும்பிக் காதை விரித்து எங்கள் பக்கம் நான்கு அடி வந்ததாம். அவளால் நகர முடியவில்லை. நகர்ந்தால் என் தலை கதவில் அடிக்கும். ஹாரன் மேல் சாய்ந்தபடியே என் தலையை மார்போடு பிடித்துக்கொண்டு யானையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன நெனச்ச?" என்று பின்னால் கேட்டேன்.

"என்னத்த நெனைக்கிறது? ஒங்க எச்சி என் பொடவையெல்லாம் ஆயிடுச்சேன்னு நெனச்சேன்."

யானை குட்டியைத் தள்ளிக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. வண்டிகள் நகர்ந்தன. எனக்கு நினைவு வந்தபோது காட்டின் எல்லைக் கதவைத் தாண்டியிருந்தோம். அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் விட்டாள்.

குண்டல்பேட்டையில் ஒரு கடை முன்னால் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தாள். என் நாக்கு வீங்கியிருந்தது. டீ எரிந்தது.

"வந்துடுச்சுல்ல" என்றேன்.

"வந்துச்சு."

ஒப்பந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. நேற்று சாவடியில் மாட்டாமல் இருந்தால், மாத்திரை நேரத்துக்குப் போட்டிருந்தால் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. பாட்டில் வாங்கியது அவள்தான். சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை இரக்கப்பட்டிருப்பாள். சொல்லவில்லை. மாத்திரை தப்புகிற நாளெல்லாம் வருகிற ஒன்றை வைத்துக்கொண்டு லாரிக்கடியில் எப்படிப் பிழைப்பது?

"திரும்பிடலாம்" என்றேன்.

"அவுங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போவோம். காத்துக்கிட்டு இருப்பாங்க. போன்ல சொன்னா மரியாதையா இருக்காது."

நஞ்சன்கூட்டுக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தோம். சக்கரத்துக்குப் பதில் பெல்ட் வைத்த அறுப்பு மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. லாரி நிழலில் தரையில் ஒரு பெரிய கேஸ் அடுப்பு, அதன்மேல் அண்டா. முதலாளியே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். சோறு அடிப்பிடித்த வாசனை தூரத்திலேயே வந்தது.

"அண்ணே! வா வா. இன்னும் ரெண்டு நாளு என் சோத்தத் தின்னா பசங்க மெஷின வித்துட்டு ஓடிருவானுங்க."

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சமையல் வேலை என்று சொன்னபோது வீட்டு அடுப்பைத்தான் மனதில் வைத்திருந்தாள் போல. இது முழங்கால் உயரத்தில், மறைப்பு எதுவும் இல்லாமல், காற்றில் அங்கும் இங்கும் நாக்கை நீட்டிக்கொண்டு எரிந்தது. பக்கத்திலேயே வாய்க்கால். நெருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். நான் படுக்க வேண்டிய இடம் லாரிச் சக்கரத்துக்கு அடியில்.

வழியில் நடந்ததை முதலாளியிடம் அவளே சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"இந்த ஒரு வேள ஆக்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையிலிருந்து கருவாட்டை எடுத்தேன். வாய்க்கால் பக்கம் போகாமல் அவள் பிராந்தி பாட்டில் தண்ணீரில் கழுவிக் கொடுத்தாள். அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் பின்னால் வந்து நின்று என் சட்டையின் பின்பக்கத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் வலது பக்கம் சாய்ந்தால் அவளும் சாய்ந்தாள். புளி கரைத்து ஊற்றினேன். புகை அவள் கண்ணில் பட்டது, கையை விடவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பிட வந்தார்கள். அதில் ஒருவன் சிரித்தான்.

"அக்கா, அண்ணன் ஓடிற மாட்டாரு. உடுங்கக்கா."

"ஓடுனா வுட்டுருவேன் தம்பி. வுழுந்தாதான் புடிக்கணும்."

எல்லாரும் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள். குழம்பு அண்டாவின் அடி தெரிந்தது. தட்டில் கை வைத்தபடி அவர்கள் அடுத்த ஊரைப் பற்றிப் பேசினார்கள். டி.நரசிப்பூர், அதற்குப் பிறகு மண்டியா. எந்த ஊரில் டீசல் எங்கே, எந்த ஊரில் கொசு அதிகம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் ஒன்றிரண்டு சொன்னேன். அதற்குமேல் பேச என் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

கிளம்பும்போது முதலாளி காரின் பக்கத்தில் வந்து அவளிடம் குனிந்தார்.

"அக்கா, தை மாசம் மெஷின் உங்க ஊருக்குத்தான் வருது. நெரவி, சுரக்குடி எல்லாம் நமக்குப் பேசியாச்சு. அப்ப அண்ணன் வீட்லருந்தே வந்து ஆக்கிப் போடட்டும். மேசை போட்டு உயரத்துல அடுப்பு வச்சுத் தரேன். சாயந்திரம் நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க. என்ன சொல்றீங்க?"

நெரவி என் வீட்டிலிருந்து பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதற்குள் வந்துவிடும். அந்த வயல்களை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அங்கே போவதெல்லாம் வெளியூர் போவது ஆகாது. ஆனால் மெஷின் சத்தம் கேட்கும். இவர்கள் இருப்பார்கள். அறுப்பு முடிந்து லாரியில் மெஷின் ஏறும்போது நான் கீழே நின்று பார்க்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வருவாருங்க" என்று அவள் வண்டியைக் கிளப்பினாள்.

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.